மணிக்கட்டுக் கயிறு

பஞ்சலிங்கம் ஊரை விட்டுப் போனது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, நல்லூர்த் தேர் அன்று. நீர்வேலிச் சனத்தில் பாதி விடியமுன்னமே சைக்கிளில் நல்லூருக்குப் போய்விட்டது. தெரிந்துதான் அந்த நாளை அவன் எடுத்திருக்க வேண்டும். மறிக்கவும் ஆள் இராது, எங்கே என்று விடுப்புக் கேட்கவும் ஆள் இராது. வாழைத்தோட்டத்து ஒழுங்கையால் சைக்கிளில் வந்தவனை மக்டலீன் மட்டும்தான் கண்டாள். கரியரில் ஒரு சின்னப் பை கட்டியிருந்தது.

"என்ன அண்ணை, தேருக்குப் போகேல்லையோ?"

"வேதக்காரி நீ, உனக்கென்ன தேர்க் கவலை?" என்று சிரித்தான் பஞ்சலிங்கம். "கிளாலிப் பக்கம் ஒரு அலுவல். மூண்டு மாசத்திலை வந்திடுவன்."

கிளாலியில் அலுவல் என்றால் என்ன அலுவல் என்று அந்தக் காலத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கடனீரேரியைப் படகில் கடந்து வவுனியா, பிறகு கொழும்பு, பிறகு வெளிநாடு. போனவர்களில் மூன்று மாதத்தில் திரும்பியவர் எவருமில்லை. பஞ்சலிங்கம் அவளுக்கு உறவுமில்லை, நட்புமில்லை. ஆனால் ஊரில் இருந்த இருபத்தெட்டுத் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும் அவன் ஒருவன்தான் வைத்தியன்.

"அப்ப மெசினுகளை ஆர் பாக்கிறது?"

"ஏன், நீ பாரன்!" தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு மிதித்தான். நாலைந்து முழம் போனதும் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தவன் போலிருந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பகிடி பஞ்சலிங்கத்துக்குப் பகிடி. மக்டலீனுக்கு அப்படி இல்லை. குருநகர்க் கடற்கரையில் அவளுடைய புருசன் சிமியோன் படகு இஞ்சின் திருத்தும் கொட்டில் வைத்திருந்தவன். கலியாணம் முடித்த புதிதில் அவனுக்குச் சோறு கொண்டுபோனவள், பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், பிறகு தானே பிடித்தாள். தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது கொட்டிலுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. சிமியோனின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது இரண்டும் போய்விட்டது. இஞ்சினின் நோயைக் கேட்டுத்தானே பிடிக்க வேண்டும்? அவன் கையை வைத்து அதிர்வைப் பார்ப்பான், அவள் சத்தத்தைக் கேட்பாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மெக்கானிக்.

பிறகு மீன்பிடித் தடை வந்து கடலும் இல்லாமல் போயிற்று. இடம்பெயர்ந்து நீர்வேலிக்கு வந்து, வாழைத்தோட்டத்து மூலையில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தார்கள். சிமியோன் வாழைக்குலை சுமந்தான். அவள் வெங்காயம் நடப் போனாள். இரண்டு பேருக்கும் வெங்காயமும் தெரியாது, வாழையும் தெரியாது. தெரிந்த தொழிலை அங்கே கேட்பார் இல்லை.

மாரி முடிந்து தைமாதம் இறைப்புத் தொடங்கியபோது ஊர் பஞ்சலிங்கத்தைத் தேடியது. இருபத்தெட்டில் பதினொரு மெசின் கிடையில் கிடந்தது. பொருளாதாரத் தடையால் டீசலும் இல்லை, பெற்றோலும் இல்லை. கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்திலில் பெற்றோல் வைத்திருந்து, நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டும். அப்படி ஓடுகிற மெசின் சும்மா சும்மா நோயில் விழும்.

தோட்டம் செய்கிற கமக்காரரின் சங்கத்துச் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். இயந்திரத் திருத்துநர் ஒருவர் தேவை. ஆண். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ் உள்ளவர் விரும்பத்தக்கது.

சான்றிதழ் உள்ளவர்கள் கொழும்பு லொட்ஜிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்தார்கள். அறிவித்தலைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பொருளியல் படித்த பட்டதாரி, ஏழு வருடமாக வேலை இல்லாதவன். பிளக்கைக் கழற்றச் சொன்னபோது பெற்றோல் மூடியைக் கழற்றினான். மற்றவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர். அவர், குண்டுக்குப் பதுங்கும் பங்கர் வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து வந்திருந்தார்.

ஒருநாள் சங்கக் காரியதரிசி அருளம்பலத்தின் வீட்டடியால் போனபோது அவருடைய மெசின் இருமுவதை மக்டலீன் வேலிக்கு வெளியிலிருந்து கேட்டாள். அருளம்பலத்தின் மனைவி பராசக்தி கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப் போயிருந்தாள்.

"அக்கா, எண்ணெய்க் குழாயிலை தண்ணி நிக்குது. அதைக் கழட்டி ஊதுங்கோ."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"சத்தத்திலை தெரியுது."

பராசக்தி அவளையே உள்ளே கூப்பிட்டு ஊதச் சொன்னாள். மெசின் ஓடிற்று. பின்னேரம் அருளம்பலம் சிமியோனைக் கூப்பிட்டனுப்பினார். வேலை சிமியோனுக்கு. சிமியோன் சிரித்துக்கொண்டு நின்றான், என்ன நடக்கிறதென்று அவனுக்கு விளங்கவில்லை. கூலி கிழமைக்கு அரிசியும் இரண்டு போத்தல் மண்ணெண்ணெயும்.

"ஐயா," என்றாள் மக்டலீன், "வேலையை என்ரை பேரிலை தாங்கோவன். நான் தனியப் போய்ப் பாப்பன்."

"நீ தனியத் தோட்டந் தோட்டமாத் திரிஞ்சால் சனம் என்ன கதைக்கும் பிள்ளை? ஆம்பிளை ஒருத்தன் நிக்கவேணும். பேர் அவன்ரை பேரிலை இருக்கட்டும், நீ கூடப் போய் உதவி செய்."

"அவருக்குக் காது கேக்காது ஐயா. வெளியிலை நிக்கேக்கை பொம்பர் வந்தால்?"

"அதுக்குத்தானே நீ பக்கத்திலை நிக்கிறாய்," என்றார் அருளம்பலம். அவர் கெட்ட மனிதர் இல்லை. நியாயமாகப் பேசிவிட்ட திருப்தியோடு வெற்றிலையை மடித்தார்.

நீர்வேலிச் சனம் அப்போது வானத்தைக் காதால் பார்த்துப் பழகியிருந்தது. ஹெலியின் சத்தம் வேறு, பொம்பரின் சத்தம் வேறு. குண்டு போட வரும் பொம்பர் முதலில் ஒரு வண்டின் இரைச்சல் மாதிரித் தூரத்தில் வரும். அந்த இரைச்சல் தாழத் தொடங்கினால் பங்கருக்குள் பாய ஒரு ஐம்பது எண்ணும் நேரம் இருக்கும். வீட்டில் இருந்தால் அதுவும் போதும். தோட்டத்து வெளியில், ஓடுகிற மெசினுக்குப் பக்கத்தில் நின்றால் ஒன்றும் கேட்காது. மெசின் சத்தம் வானத்தை மூடிவிடும். மெசினைக் கேட்பதா, வானத்தைக் கேட்பதா? மக்டலீனுக்கு இருந்தது இரண்டு காது. ஒரு காதில் இஞ்சின், மற்றக் காதில் வானம் என்று பிரிக்க முடியுமென்றால் பிரித்திருப்பாள். பிரிக்க முடியாததால் மெசின் திருத்தும் நேரமெல்லாம் நிமிடத்துக்கொருதரம் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சிமியோன் வாலிபத்தில் சங்கு குளித்தவன். குளிக்கிறவனின் கையில் கட்டிய கயிற்றைப் படகில் இருப்பவன் பிடித்திருப்பான். ஒருதரம் இழுத்தால் நில், இரண்டுதரம் இழுத்தால் உடனே மேலே வா. மக்டலீன் பழைய வலைக்கயிற்றில் இரு கை விரித்த அளவுக்குப் பத்துப் பாகம் எடுத்து ஒரு நுனியை அவனுடைய மணிக்கட்டில் கட்டினாள். மெசினுக்குப் பக்கத்தில் அவன், சத்தம் குறைந்த தூரத்தில் வானத்தைக் கேட்டபடி அவள், இடையில் கயிறு. இஞ்சின் சத்தத்தில் மாற்றம் தெரிந்தால் ஒருதரம் இழுப்பாள். வானத்தில் மாற்றம் தெரிந்தால் இரண்டுதரம்.

தோட்டக்காரர் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன மக்டலீன், மனுசனை மேயக் கட்டியிருக்கிறியோ?"

"ஓம் அண்ணை, அவிழ்த்துவிட்டால் உங்கடை வாழையைத் திண்டுபோடுவார்," என்பாள். சொல்லிக்கொண்டே வானத்தைக் கேட்பாள்.

வைகாசி பிறந்து கிணறுகள் வற்றத் தொடங்கின. பிள்ளையார் கோயில் கிணற்று மெசின் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஊரிலேயே பெரிய கிணறு அது, உள்ளே படி வெட்டியது. கோயில் காணியில் இருநூறு வாழையும் அதை நம்பித்தான் நின்றன. தண்ணீர் இறங்கினால் மெசினையும் இறக்கிக் கீழ்த்தட்டில் வைப்பது வழக்கம், இல்லாவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் பிள்ளையாருக்கு அபிஷேகத் தண்ணீர் அள்ளுவதும் அதே கிணற்றில்தான். மக்டலீன் கிணற்றுக் கட்டை அண்டக் கூடாது. மீன் தின்கிறவள், சிலுவை கும்பிடும் வேதக்காரி என்ற இரண்டே காரணம் போதுமாயிருந்தது. அதே இரண்டும் சிமியோனுக்கும் பொருந்தும். ஆனால் அவன் ஆண், சங்கத்தின் ஆள். அவனைக் குளித்துவிட்டு இறங்கச் சொன்னார்கள்.

மெசின் பத்து நிமிடம் நன்றாய் ஓடும், பிறகு தடுமாறி நின்றுவிடும். மேலே தூக்கி வேலிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். அவள் காபரேற்றரைக் கழுவிப் பூட்டினாள். ஒழுங்கையில் அரைமணி நேரம் ஓடிற்று. மறுபடி கிணற்றுக்குள் இறக்கினால் பத்தே நிமிடம். இப்படி மூன்று நாள்.

"உன்ரை வைத்தியம் ஒழுங்கைக்குத்தான் சரிபோலை," என்றார் அருளம்பலம்.

"இறங்கிப் பாத்தால்தான் ஐயா தெரியும்."

"அது நடக்கிற காரியமில்லை. வேறை ஏதும் வழி சொல்லு."

நாலாம் நாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே சிமியோன் இறங்கிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. கயிறு கிணற்றுக் கட்டைத் தாண்ட வேண்டுமே. பராசக்தி கட்டடியில் நின்று பிடித்தாள். மக்டலீன் முப்பது அடிக்கு அப்பால் வேலிக்கு வெளியே நின்றாள். அவள் சொல்லச் சொல்லப் பராசக்தி இழுக்க வேண்டும்.

வழக்கம்போல மெசின் சீராகத் தொடங்கியது. சிமியோனின் தலை படியில் இறங்கி மறைந்தது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். பிறகு அந்தத் தடுமாற்றம். மக்டலீன் கண்ணை மூடிக் கேட்டாள். அது ஊத்தையால் வருகிற தடுமாற்றம் இல்லை. எண்ணெய்க் குறைவும் இல்லை. மெசின் மூச்சுக்குத் தவித்தது. குருநகரில் அவள் பார்த்த இஞ்சின் எல்லாம் கடல்வெளியில் ஓடியவை. அவை கக்கும் புகையைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு குழிக்குள் தன் புகையைத் தானே குடித்துத் திணறும் இஞ்சினை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. மூன்று நாளாய்க் காபரேற்றரைக் கழுவியிருக்கிறாள்! மெசினுக்கே மூச்சு முட்டுகிறதென்றால் பக்கத்தில் குந்தியிருக்கும் மனுசனுக்கு?

"அக்கா! ரண்டுதரம்! ரண்டுதரம் இழுங்கோ!"

பராசக்தி இழுத்தாள். "வரேல்லையடி! இழுக்கக் கனமாக் கிடக்கு!"

அந்த நேரம்தான் வண்டின் இரைச்சல் கேட்டது. தெற்கிலிருந்து வந்தது. தாழ்ந்துகொண்டு வந்தது. அருளம்பலம் "பங்கர்! பங்கர்!" என்று கத்தினார். தோட்டத்தில் நின்றவர்கள் சிதறினார்கள். பராசக்தியின் கையிலிருந்து கயிறு நழுவியது. அவளும் ஓடினாள்.

மக்டலீன் வேலியைத் தாண்டியது எப்படி என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. காலில் முள்ளுக்கம்பி கிழித்த தழும்பு மட்டும் கடைசிவரை இருந்தது. கிணற்றுக் கட்டில் ஏறி, சங்கு குளிக்கிறவர்கள் போல ஒரு மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். உள்ளே நீலப் புகை. சிமியோன் மெசினைக் கட்டிப்பிடித்தவன் போலச் சரிந்து கிடந்தான். பிளக் வயரைப் பிடுங்கி எறிந்தாள். மெசின் நின்றது. நின்றதும் வானத்தின் சத்தம் முழுவதும் கிணற்றுக்குள் கொட்டுண்டது. பொம்பர் நேரே தலைக்குமேல் நிற்பது போலிருந்தது. தூக்கினால் வழுக்கினான், பிடித்தால் நழுவினான். அவன் கன்னத்தில் அறைந்தாள். கண் பாதி திறந்தது. கக்கத்துக்குள் தோளைக் கொடுத்து ஒரு படி ஏற்றினாள். இன்னொரு படி. அடக்கிய மூச்சு நெஞ்சைக் கிழித்தது. எங்கோ மூன்றுதரம் நிலம் அதிர்ந்தது. கிணற்றுச் சுவரிலிருந்து கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

திடீரென்று கயிறு இறுகியது. யாரோ மேலே இருந்து இழுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். பராசக்தி. பங்கரிலிருந்து திரும்பி வந்து, கட்டில் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

சிமியோன் அன்று பின்னேரம்வரை சத்தியெடுத்தான். இரண்டு கிழமை தலைச்சுற்று இருந்தது. பிழைத்தான்.

மூன்றாம் நாள் சங்கம் கூடியது. கிணற்றை இறைத்து, ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்யவேண்டும் என்று பேச்சு எழுந்தது. வாசலில் நின்ற பராசக்தி, கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறவாதவள், உள்ளே வந்தாள்.

"அவள் இறங்காட்டி அதுக்குள்ளை பிணமெல்லோ கிடந்திருக்கும்? அதுக்கு என்ன சாந்தி செய்திருப்பியள்? பிணம் மிதந்த தண்ணியைத்தான் பிள்ளையாருக்கு வாத்திருப்பியளோ?"

"நீ வீட்டை போ," என்றார் அருளம்பலம் மெதுவாக. அவள் போகவில்லை.

சாந்தி செய்தார்கள்தான். ஆனால் மக்டலீன் வேலைக்கு வரவில்லை. கூப்பிடப் போன அருளம்பலத்திடம் கொட்டில் வாசலில் நின்று சொன்னாள்: "அவர் இனி வெளியிலை வரமாட்டார் ஐயா. பங்கரடியிலை இருப்பார். நான் தனிய எண்டால் வாறன். இல்லாட்டி மெசினுகள் நிக்கட்டும்." அரிசி நின்றுவிடும், கொட்டில் இருப்பதும் அவர்களுடைய காணி. எல்லாம் தெரிந்துதான் சொன்னாள்.

பதினெட்டு நாள். மெசின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. வாழை இலைகள் ஓரம் கருகித் தொங்கின. பத்தொன்பதாம் நாள் அருளம்பலம் மறுபடி வந்தார். தனியே வரலாம். கோயில் கிணற்றுக்கும் வரலாம். பேர் மட்டும் சங்கப் புத்தகத்தில் இருந்தபடியே இருக்கட்டும்.

"மெசின் உன்னட்டை, பேர் புத்தகத்திலை. அதாலை உனக்கென்ன குறை?"

அவள் ஒத்துக்கொண்டாள். முதல் வேலையாகப் பழைய தகரத்தை உருட்டிக் குழாயாக்கி, கோயில் கிணற்று மெசினின் புகை கட்டுக்கு மேலே போகும்படி பூட்டினாள். மெசின் நாள் முழுக்க ஓடிற்று. இரண்டரை வருடம் அவள் தனியே தோட்டந் தோட்டமாய்த் திரிந்தாள். சனம் ஒரு மாதம் கதைத்துவிட்டு மறந்துபோயிற்று. பயம் மட்டும் அவளை விடவில்லை. இப்போது தூரத்துக் கொட்டிலில் இருக்கும் சிமியோனுக்காகப் பயந்தாள். பங்கர் வாசலில் அவனை விட்டு, கயிற்றின் மறுநுனியைப் பக்கத்துக் கொட்டில்காரியின் கைக்கெட்டக் கூரை வளையில் கட்டிவிட்டுத்தான் போவாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்க, நீர்வேலியோடு சேர்ந்து வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு எழும்பியது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தடியில் இலட்சக்கணக்கில் சனம் இறுகி நின்றபோது, மக்டலீன் சிமியோனின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் அதே வலைக்கயிற்றால் சேர்த்துக் கட்டினாள். அந்த நெரிசலில் கை விட்டால் கூப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாத மனுசன் அவன்.

பாலம் தாண்டித் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கினார்கள். அங்கேயும் மெசின் இருந்தது, திருத்த ஆளில்லை. அந்த ஊர்ச் சங்கத்துக்குப் போய்க் கேட்டாள்.

"வேலை செய்ததுக்குக் கடிதம் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப உன்ரை மனுசனைக் கூட்டிக்கொண்டு வா. அவர் நிக்கட்டும், நீ உதவி செய்."

நீர்வேலியில் தொடங்கிய அதே இடத்தில்தான் மறுபடி நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். ஷெல் சத்தம் நாவற்குழிப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

மார்கழி நடுவில் அருளம்பலம் அவளைத் தேடி வந்தார். அவரும் பராசக்தியும் அடுத்த பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மனிதர் பாதியாய்ப் போயிருந்தார். கையில் ஒரு வெளிநாட்டுக் கடிதம், ஒரு தகரப்பெட்டி.

"பஞ்சலிங்கத்தின்ரை கடிதம். கனடாவிலை இருந்து. கொழும்பு லொட்ஜிலை ஆரோ ஒருத்தனிட்டைக் கிடந்து, கை மாறி மாறி இப்பதான் வந்திருக்கு," என்றார். "கோப்பை கழுவுறானாம். மெக்கானிக் வேலைக்குப் போனால் அவன்ரை சான்றிதழை அங்கை ஏற்கினமில்லையாம். எங்கடை சங்கத்திலை வேலை செய்தவன் எண்டு கடிதம் கேக்கிறான். காரியதரிசியும், இப்ப அந்த வேலை பாக்கிறவரும் ஒப்பம் வைக்கவேணுமாம்." கொஞ்சம் தயங்கினார். "சிமியோனைக் கூப்பிடு பிள்ளை."

"இப்ப அந்த வேலை பாக்கிறது ஆர் ஐயா?"

அருளம்பலம் தகரப்பெட்டியைத் திறந்தார். ஓடிவந்த அவசரத்திலும் சங்கத்தின் கடிதத்தாளையும் முத்திரையையும் கொண்டுவந்திருந்தார். பஞ்சலிங்கத்துக்கான கடிதத்தை எழுதி அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒப்பமிட்டாள். ஒப்பத்துக்குக் கீழே அவர் கையாலேயே எழுதினார்: மக்டலீன் சிமியோன், இயந்திரத் திருத்துநர். முத்திரை குத்தினார்.

"இன்னொண்டு எழுதுங்கோ ஐயா. எனக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கையில் மக்டலீன் பஞ்சலிங்கத்தின் கடிதத்தைக் கையில் எடுத்தாள். கடிதத்தின் தலைப்பில் திகதி இருந்தது. தொண்ணூற்றுமூன்று, மாசி பதினொன்று. சிமியோன் கிணற்றுக்குள் இறங்க மூன்று மாதம் முந்தி. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒப்பத்துக்கும் கீழே, இடம் காணாமல் ஓரத்தால் வளைத்து, பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. சிமியோன் பக்கத்தில் குந்தியிருந்து அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் கயிறு கிடந்தது.

"வெளிக்கிட்ட அண்டு சொல்ல நினைச்சுப்போட்டு, வெக்கத்திலை விட்டிட்டன். கோயில் கிணத்துக் கீழ்த்தட்டிலை மெசின் ஓடேக்கை ஆரையும் இறங்க விடாதேங்கோ, நான் ஒருக்கால் அதுக்குள்ளை மயங்கி விழுந்து அருந்தப்பிலை தப்பினனான்."